குடியிருக்கும் ஊரின் வரலாற்றை எழுதுவது எப்படி: ஃப்ரீமான்டில் நான் கற்ற வழி

தமிழ்ப்பள்ளியில் ஏழாம் நிலை மாணவர்களுக்கு ‘என் ஊர்’ என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். பதினொரு பிள்ளைகள் எழுதி வந்தார்கள். அத்தனை பேரும் எழுதியிருந்தது தாத்தா பாட்டியின் ஊரைப் பற்றி. கோடை விடுமுறையில் மூன்று வாரம் பார்த்த ஊர். தாங்கள் பிறந்து, சைக்கிள் பழகி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வளரும் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்களுக்கே தெரியாது.

அந்த ஆண்டு பள்ளி மலருக்காக ஊர் வரலாற்றை நானே எழுத உட்கார்ந்தேன். அமெரிக்கப் புறநகர் எதுவானாலும் அதில் குடியிருக்கும் தமிழர் இதைச் செய்யலாம். பட்டம் வேண்டாம், பணமும் பெரிதாக வேண்டாம். சனிக்கிழமைகள் வேண்டும்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ‘ஃப்ரீமான்ட் 1956 ஜனவரி 23 அன்று பிறந்தது’ என்று தொடங்கியிருந்தேன். தேதி சரிதான். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். “அன்று பிறந்தது நகராட்சி. நான் சென்டர்வில்லில் பிறந்தவன். அது அதற்கு முன்பே இருந்த ஊர்” என்றார். எழுதிய இரண்டு பக்கத்தையும் அன்று இரவே கிழித்துப்போட்டேன்.

ஆகவே புறநகரின் வரலாற்றை நகராட்சி பதிவான நாளிலிருந்து தொடங்காதீர்கள். அந்த நாளுக்கு முன் அங்கே என்னென்ன ஊர்கள் இருந்தன என்று கேளுங்கள். ஃப்ரீமான்ட் ஐந்து ஊர்கள் சேர்ந்த ஊர்: சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ். ஆறாவதாகச் சேர்ந்திருக்க வேண்டிய நியூவார்க் 1955இலேயே தனி நகராகிவிட்டது. வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஃப்ரீமான்டின் நடுவில் நியூவார்க் ஒரு தீவுபோல உட்கார்ந்திருக்கும். நகர எல்லைக்கோடு கோணலாக வளைகிற இடமெல்லாம் ஒரு பழைய பிணக்கோ பேரமோ இருக்கிறது. அந்தக் கோணல்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தெருப் பெயர்கள். நம்மூரில் கல்வெட்டு செய்யும் வேலையை இங்கே தெருப் பலகைகள் செய்கின்றன. நான் ஒரு நோட்டில் பெரிய சாலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘யார்? ஏன்?’ என்று இரண்டு கட்டம் போட்டேன். பசேயோ பாத்ரே என்றால் ஸ்பானிய மொழியில் பாதிரியார் நடந்த வழி; அந்த ஒரு பெயரே, ஸ்பானியக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் மதம் பரப்ப ‘மிஷன்’ என்ற குடியிருப்புகளை அமைத்த காலத்துக்குக் கொண்டுபோய்விடும். பெரால்டா, ஆல்வராடோ என்பவை ஸ்பெயினும் மெக்சிகோவும் ஆண்ட காலத்துப் பெயர்கள். மௌரி சாலையைப் பிடித்துக்கொண்டு போனால், தானியத்தைப் படகில் ஏற்றி அனுப்பிய பழைய துறை ஒன்றில் போய் நிற்பீர்கள். பெயர் மாறிய சாலைகளை விட்டுவிடக் கூடாது. இன்றைய ஆட்டோ மால் பார்க்வே முன்பு டர்ஹம் சாலை; ஊர் எதை வைத்துப் பிழைக்க முடிவு செய்தது என்பதை அந்தப் பெயர்மாற்றம் சொல்லிவிடுகிறது. மலையடிவாரத்தில் ஒரு தெருவுக்கு இன்று குருத்வாரா சாலை என்று பெயர். பீஸ் டெரஸ் என்ற சிறு தெருவில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயமும் ஒரு மசூதியும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரு சபையாரும் அக்கம்பக்கமாக நிலம் வாங்கிக் கட்டிக்கொண்டு, தெருவுக்கு அமைதி என்று பெயர் வைத்தார்கள். இதைப் படித்த அன்று காரை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

வீட்டிலிருந்தபடியே பழைய வரைபடங்களைப் பார்க்கலாம். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பழைய நிலப்பட வரைபடங்களும், காங்கிரஸ் நூலகத்திலுள்ள சான்போர்ன் வரைபடங்களும் இணையத்தில் இலவசம். சான்போர்ன் என்பது தீ காப்பீட்டுக்காக ஒவ்வொரு கட்டடத்தையும் அளந்து வரைந்தது. எது மரவீடு, எது செங்கல், எங்கே கொல்லன் பட்டறை, எங்கே லாயம் எல்லாம் நிறத்தாலும் குறியாலும் தெரியும். பழைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் வீடு இருக்கும் இடத்தைத் தேடுங்கள். எங்கள் வீடு இருக்கும் இடத்தில் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. பழத்தோட்டம். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். “ஆப்ரிகாட். பழம் பறிக்கும் மாதத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளான நாங்கள்தான் அறுத்துத் தட்டில் பரப்புவோம்” என்றார். எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று அவர் கையால் காட்டிய திசையில் இப்போது ஒரு கார் நிறுத்துமிடம்.

பிறகு நடக்க வேண்டும். இதைத் தவிர்த்து எழுதுபவர்களின் கட்டுரை நகராட்சிக் கையேடு மாதிரி ஆகிவிடும். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு பழைய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிஷன் சான் ஹோசேயில் தொடங்கினேன். 1797 ஜூன் 11 அன்று பாதிரியார் லாசுவென் நிறுவியது. கலிபோர்னியாவின் 21 மிஷன்களில் பதினான்காவது. இன்று நாம் பார்க்கும் தேவாலயம் 1985இல் மறுபடி எழுப்பியது. 1809இல் கட்டியதை 1868 அக்டோபர் 21 அன்று வந்த நிலநடுக்கம் தரைமட்டமாக்கிவிட்டது. வெயிலில் காய்ந்த மண்கல் சுவர் என்ன கனம் என்பதை வாசலில் நின்று கையை விரித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அது மறக்காது. பழைய தேவாலயத்துக்கு அந்தக் கல்லை அறுத்துச் சுமந்தவர்கள் ஓலோனி மக்கள். நிலம் அவர்களுடையது. அயல்நாட்டு நோய்களாலும் மிஷன் வாழ்க்கையின் நெருக்கடியாலும் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். வாஷிங்டன் பொலிவார்டு ஓரத்தில் அவர்களுடைய இடுகாடு இருக்கிறது. எத்தனையோ முறை அதைத் தாண்டி மளிகைக்குப் போயிருக்கிறேன், வண்டியை நிறுத்தியதில்லை. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: ‘ஒரு காலத்தில் வாழ்ந்து மறைந்த மக்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். அவர்களுடைய சந்ததியினர் இந்த சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இன்றும் வாழ்கிறார்கள். எந்தப் புறநகரானாலும் முதல் பத்தி அந்த நிலத்தின் முதல் மக்களுக்கு உரியது, நிகழ்காலத்தில் எழுத வேண்டும்.

அந்த நிலநடுக்கம் வந்த ஹேவர்டு பிளவு ஊரின் நடுவே, எலிசபெத் ஏரி இருக்கும் சென்ட்ரல் பார்க் வழியாக ஓடுகிறது. நடுக்கம் இல்லாத ஆண்டுகளிலும் அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்ந்துகொண்டேயிருக்கிறது. இர்விங்டன் பக்கத்துக் குடியிருப்புத் தெரு ஒன்றில் நடைபாதையின் ஓரக்கல் நேர்க்கோட்டிலிருந்து விலகியிருப்பதைப் பார்த்தேன். குனிந்து விரலை வைத்தேன். இரண்டு விரல் அகலம். ஒரே வார்ப்பில் போட்ட சிமென்ட். ஒரு பாதி வடக்கே போயிருக்கிறது, மறுபாதி நின்றுவிட்டது. மேலே யாரோ புதிதாகச் சாம்பல் நிறச் சாந்து பூசி, அதிலும் மயிரிழைக் கீறல் விழுந்திருந்தது. என் மாணவர்களை அங்கே கூட்டிப்போனபோது ஒரு சிறுமி பாதிக்கு ஒரு காலாக வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

நைல்ஸுக்கு ஒரு முழுநாள் கொடுங்கள். கண்டம் கடந்த ரயில் பாதை 1869இல் நைல்ஸ் கணவாய் வழியாகத்தான் வளைகுடாவை எட்டியது. 1912 முதல் 1916 வரை எஸ்ஸனே நிறுவனம் இங்கே படம் பிடித்தது. 1915இல் சார்லி சாப்ளின் நடித்ததும் இங்கேதான். இந்தச் செய்தி எல்லோருக்கும் பிடிக்கும் என்பதால் இதையே இழுத்து எழுதத் தோன்றும். கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். படக்காரர்கள் இருந்தது நான்கு ஆண்டு. பாதை போட்டவர்களும் தோட்டத்தில் உழைத்தவர்களும் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள்.

அவர்களைத் தேட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கையெழுத்துப் பக்கங்கள் உதவும். அமெரிக்காவில் தனிநபர் விவரம் 72 ஆண்டுகளுக்குப் பிறகே திறக்கப்படும். 1950ஆம் ஆண்டுப் பக்கங்கள் 2022 ஏப்ரலில் திறந்தன. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வாஷிங்டன் டவுன்ஷிப் என்று தேடினால் இந்தப் பகுதி கிடைக்கும். பெயர், வயது, பிறந்த நாடு, தொழில் எல்லாம் பேனாவால் எழுதியிருக்கும். போர்ச்சுகலின் அசோர் தீவுக்காரர்கள், மெக்சிகோக்காரர்கள், ஜப்பானியர்கள் என்று வரிசையாக வருவார்கள். 1940ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தைக் கண்டால், 1942இல் என்ன ஆயிற்று என்று கட்டாயம் பாருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று வந்த அதிபர் ஆணையால் மேற்குக் கரை ஜப்பானியர்கள் வீடு, வயல் எல்லாவற்றையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். இங்கிருந்து பலர் முதலில் டான்போரான் குதிரைப் பந்தயத் திடலிலும், பிறகு யூட்டா மாநில டோபாஸ் முகாமிலும் அடைக்கப்பட்டார்கள்.

நம் கதையும் இங்கேதான் இணைகிறது, அதனால் சட்டங்களின் ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவையுங்கள். 1913இல் கலிபோர்னியா, குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் நிலம் வாங்கக் கூடாது என்றது. 1923இல் உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்களும் அந்தத் தகுதியற்றவர்களே என்றது. 1946இல் இந்தியர்கள் குடியுரிமை பெறுவதற்கு இருந்த தடை நீங்கியது. 1965 குடிவரவுச் சட்டம் வந்த பிறகே பொறியாளர்களும் மருத்துவர்களும் பெருமளவில் வர முடிந்தது. நம்மில் பலர் ‘படித்தோம், வந்தோம்’ என்றுதான் கதை சொல்கிறோம். கதவைத் திறக்கப் போராடியவர்கள் வேறு பலர். பழைய வீட்டுப் பத்திரங்களையும் பாருங்கள். வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை அந்தக் காலத்துப் புறநகர்ப் பத்திரங்களில் சாதாரணம். நீதிமன்றங்கள் அதை நிறைவேற்றித் தர முடியாது என்று 1948இல் தீர்ப்பு வந்தது. அப்படிப் பாகுபாடு காட்டுவதே சட்டவிரோதம் என்று 1968இல் சட்டம் வந்தது.

பிழைப்பு பற்றிய பகுதிக்கு ஒரே ஒரு தொழிற்சாலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அது தெற்கே இருக்கும் கார் தொழிற்சாலை. ஜெனரல் மோட்டார்ஸ் 1960களின் தொடக்கத்தில் திறந்து 1982இல் மூடியது. 1984இல் டொயோட்டாவோடு கூட்டாக நம்மி என்ற பெயரில் மறுபடி ஓடி, 2010இல் மீண்டும் மூடி, அதே ஆண்டு டெஸ்லா கைக்குப் போனது. ஒரே கூரையின் கீழ் மூன்று முதலாளிகள். ஒவ்வொரு முறை மூடியபோதும் எந்தக் கடை போயிற்று, யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்று கேளுங்கள்.

எண்களைக் கடைசியில் வையுங்கள், கொஞ்சமாக வையுங்கள். மக்கள்தொகை 1960இல் 43,790, 1970இல் 1,00,869, 2020இல் 2,30,504. பத்தே ஆண்டில் இரு மடங்குக்கு மேல் ஆன அந்த 1960கள்தான் பழத்தோட்டங்கள் போன காலம் என்று எண்ணே காட்டிவிடுகிறது. 2020இல் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் ஆசியர். ஆனால் ‘ஆசியர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் சீனரும், பிலிப்பைன்ஸ்காரரும், பஞ்சாபியரும், நாமும் அடக்கம். சோவியத் படையெடுப்புக்குப் பின் வந்து சென்டர்வில் கடைத்தெருவுக்கு லிட்டில் காபூல் என்ற பெயர் வாங்கித் தந்த ஆப்கானியர்கள் தங்களை எந்தக் கட்டத்தில் குறிப்பார்கள்? ஆகவே கணக்கெடுப்புத் துறை வெளியிடும் ‘வீட்டில் பேசும் மொழி’ அட்டவணையைத் தேடுங்கள். அதன் விரிவான வடிவில் தமிழ் தனி வரியாக வருகிறது. சுருக்க வடிவில் ‘பிற ஆசிய மொழிகள்’ மூட்டைக்குள் போய்விடும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை அளவு கொடுத்திருப்பார்கள். எண் சிறிதாகவும் பிழை பெரிதாகவும் இருந்தால் அந்த வரியை எழுதாதீர்கள்.

நகராட்சி மன்றக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போங்கள். கலிபோர்னியாவின் 1953ஆம் ஆண்டுப் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணிநேரம் முன்பே வெளியிட வேண்டும். பொதுமக்கள் யாரும் எழுந்து பேசலாம். ஊர் இன்று எதற்காகச் சண்டை போடுகிறது என்பது அங்கே ஒரு மாலையில் புரியும்.

பெரியவர்களிடம் பேசும்போது ‘இந்த ஊரின் வரலாற்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். வந்த முதல் வாரம் காய்கறி எங்கே வாங்கினீர்கள், மழைக்கு எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும், இரவில் என்ன சத்தம் கேட்கும் என்று கேளுங்கள். ஒலிப்பதிவுக்கு முன் அனுமதி கேளுங்கள். எழுதியதை அச்சுக்கு முன் அவரிடம் படித்துக் காட்டுங்கள். மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள். நம் மக்களையும் மறக்க வேண்டாம். 1980களில் வந்த ஓர் அம்மா, முதல் பொங்கலுக்கு வாசலில் கோலம் போட்டதும் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து “ஏதாவது கொட்டிவிட்டதா, துடைக்க உதவட்டுமா?” என்று கேட்டதாகச் சொன்னார். அதுவும் இந்த ஊரின் வரலாறுதான். நாம் எழுதாவிட்டால் எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காது.

எழுதி முடித்ததும் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என அச்சிட்டு, இரண்டையும் ஊர் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பகுதிக்குக் கொடுங்கள். நான் கொண்டுபோனபோது நூலகர் தமிழ்ப் பிரதியை எடுத்துப் புரட்டி, முதல் எழுத்தைத் தொட்டு இதை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். ‘ஊ’ என்று சொல்லிக் கொடுத்தேன்.