மேட்லாபிலிருந்து நம்பைக்கு: எர்ரர் காட்டாத தவறுகள்

மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் எழுதிய புரோகிராமை, பைதான் மொழியின் எண் கணக்கீட்டு நூலகமான நம்பைக்கு மாற்றும்போது எர்ரர் வந்தால் நல்லது. எந்த வரியில் சிக்கல் என்று தெரிந்துவிடும். எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடி, தப்பான எண்ணைத் தரும் இடங்களுக்குத்தான் பயப்பட வேண்டும்.

இண்டெக்ஸ் மேட்லாபில் 1-லிருந்தும் பைதானில் 0-விலிருந்தும் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் லூப்புக்குள் முந்தைய உறுப்பை எடுக்க ஒன்றைக் கழித்திருப்போம். மேட்லாபில் இண்டெக்ஸ் 0 ஆனால் உடனே எர்ரர். பைதானில் அது -1 ஆகும். -1 என்றால் கடைசி உறுப்பு. சத்தமில்லாமல் அதை எடுத்துக் கணக்கில் சேர்த்துவிடும். மேட்லாபின் 2:5 பைதானில் 1:5 ஆக வேண்டும், 1:4 அல்ல; பைதான் கடைசி எண்ணைச் சேர்க்காது.

அடுத்தது திட்ட விலக்கம். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்களுக்கு மேட்லாப் 2.138 என்கிறது, நம்பை 2 என்கிறது. இரண்டும் சரிதான்: மேட்லாப் 7-ஆல் வகுக்கிறது, நம்பை 8-ஆல். எண்ணிக்கையில் எத்தனை குறைத்து வகுப்பது என்று சொல்லும் டிடிஓஎஃப் (ddof) மதிப்பை நம்பையில் 1 என்று கொடுத்தால் விடை ஒத்துப்போகும். ஆனால் நம்பையிலேயே கோவேரியன்ஸ் கணக்கிடும் ஃபங்ஷன் வழக்கமாக ஒன்று குறைத்துத்தான் வகுக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஃபங்ஷனின் ஆவணத்தையும் தனித்தனியே பார்த்துவிடுங்கள்.

அணியின் வடிவத்தை மாற்றும் ரீஷேப்பில் இன்னும் கவனம் தேவை. 1 முதல் 6 வரையுள்ள எண்களை 2×3 அணியாக்கினால் மேட்லாப் நிரல் நிரலாக அடுக்கும். முதல் நிரை 1, 3, 5. நம்பை நிரை நிரையாக அடுக்கும். முதல் நிரை 1, 2, 3. அளவு ஒன்றே என்பதால் பின்னால் வரும் எந்த வரியும் முறையிடாது. நம்பையின் ரீஷேப்பில் ஆர்டரை 'எஃப்' ('F') என்று கொடுத்தால் மேட்லாபின் வரிசை கிடைக்கும்.

நம்பையில் ஸ்லைஸ், அதாவது அரேயின் ஒரு பகுதியை, எடுத்தால் நகல் கிடைப்பதில்லை. அதில் ஓர் எண்ணை மாற்றினால் மூல அரேயும் மாறும். தனி நகல் வேண்டுமென்றால் காப்பி எடுக்க வேண்டும். படங்களோடு வேலை செய்பவர்கள் 0 முதல் 255 வரை மட்டுமே கொள்ளும் 8-பிட் எண்களையும் கவனிக்க வேண்டும்: 200-உம் 100-உம் கூட்டினால் மேட்லாப் 255-இல் நின்றுவிடும், நம்பை அரே 44 தரும். வெறும் * குறி நம்பையில் உறுப்புக்கு உறுப்பு பெருக்கும். அணிப் பெருக்கலுக்கு @ குறி. 2.5-ஐ முழு எண்ணாக்கினால் மேட்லாபில் 3, நம்பையில் 2.

முழு புரோகிராமையும் மாற்றிவிட்டுக் கடைசி விடையை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு ஃபங்ஷனின் உள்ளீட்டையும் விடையையும் மேட்லாபிலேயே சேமித்து, மேட்லாப் கோப்பைப் பைதானில் படிக்கும் சைபை நூலகத்தின் லோட்மேட் (loadmat) ஃபங்ஷனால் படித்துச் சரிபாருங்கள். முதலில் வடிவம், பிறகு எண்கள்: லோட்மேட் வெக்டரையும் இரு பரிமாண அரேயாகத்தான் தரும். 5×1 அரேயிலிருந்து ஒரு பரிமாண 5 உறுப்பு அரேயைக் கழித்தால் 5×5 அணி வந்து நிற்கும். சோதனைக்குச் சதுர அணியோ சமச்சீர் அணியோ வேண்டாம். நிரையும் நிரலும் இடம் மாறினால் தெரியும்படி 3×5 போன்ற அணியைக் கொடுங்கள்.