பழங்குடி உணவு ஆய்வுக்கு விண்ணப்பமா? முதலில் ஏற்காடு பஸ் ஏறுங்கள்

பழங்குடி மக்களின் உணவு, ஊட்டச்சத்து பற்றிய ஆய்வு உதவித்தொகைக்கு அறிவிப்பு வந்ததும் பலர் ராத்திரி பூரா லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, கிடைத்த கட்டுரைகளை எல்லாம் மேய்ந்து, கடைசி நாளில் ஒரு முன்மொழிவை அனுப்பிவிடுவார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் செய்தேன். நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. சேலத்தில் இருப்பவர்களுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, அது இருக்கும் சேர்வராயன் மலைதான் ஆய்வுக்களம், அதை விட்டுவிட்டுக் கூகுளில் தேடுவானேன்?

விண்ணப்பத்தில் முதலில் வேண்டியது ஒரு கேள்வி. 'சேர்வராயன் மலைப் பழங்குடிகளின் ஊட்டச்சத்து நிலை' என்று எழுதினால் அது வெறும் தலைப்பு, அதில் நீங்கள் எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று யாருக்கும் புரியாது. மாரமங்கலம் பக்கம் ஒரு ஊரில் திண்ணையில் உட்கார்ந்து, ஏன் இப்போதெல்லாம் சாமை போடுவதில்லை என்று கேட்டேன். ஆண்கள் மழையையும் காட்டுப்பன்றியையும் சொன்னார்கள். உள்ளே இருந்து ஒரு பாட்டி, "வெளைஞ்சா போதுமா கண்ணு, எவ உக்காந்து குத்தறது?" என்றார். சாமை உமி லேசில் போகாது, உரலில் போட்டு இடித்துப் புடைத்துச் சோறாக்குவதற்குள் அரை நாள் போய்விடும். ரேஷன் அரிசியோ 2011 ஜூனில் இருந்து இலவசம். சரி, இப்போது கேள்வி கிடைத்துவிட்டது: உமி நீக்கும் மெஷின் கைக்கெட்டும் ஊரிலும் இல்லாத ஊரிலும் வாரத்தில் எத்தனை நாள் சாமை பொங்குகிறார்கள்? இது ஒரு ஆளே அளக்கக்கூடியது, இரண்டு வருடத்தில் முடியக்கூடியது.

முதல் பத்தியிலேயே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுங்கள். இங்கே இருக்கும் பழங்குடிகளின் பெயர் மலையாளி, அவர்கள் பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இதை எழுதாமல் விட்டு, அப்புறம் ஒரு நேர்காணலில் கேரளாவில் எந்த மாவட்டம் என்று கேட்டபோது நான் முழித்த முழி எனக்குத்தான் தெரியும்.

அடுத்தது முறை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதும் 24 மணி நேரக் கணக்குதான் வழக்கம். ஆனால் ஒரே தடவை கேட்டால் போதாது, அறுவடைக்கு முன் ஒரு சுற்று, பின் ஒரு சுற்று என்று கால அட்டவணையில் காட்டுங்கள். சந்தைக்குப் போய் வந்த மறுநாள் கேட்டால் எல்லா வீட்டிலும் கறிக்குழம்புதான் பதிவாகும். மார்கழி, தையில் காபிப் பழம் எடுக்கப் போய்விடுவார்கள், பகலில் போனால் பூட்டைத்தான் பேட்டி எடுக்க வேண்டும். களி உருண்டையை 'ஒன்று' என்று எழுதாதீர்கள், வீட்டுக்கு வீடு அளவு மாறும், சின்னத் தராசு கொண்டுபோய் நிறுத்துக்கொள்ளுங்கள். 15 முதல் 49 வயதுப் பெண்கள் எத்தனை வகை உணவு சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதென்றால், ஒரு நாளில் 10 உணவுக் குழுக்களில் குறைந்தது 5 என்ற அளவுகோல் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

சத்துக் கணக்கில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சாமையில் 100 கிராமுக்கு 9.3 மில்லிகிராம் இரும்புச்சத்து என்று இன்னும் எல்லோரும் எழுதுகிறார்கள், அது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை. அதே நிறுவனம் 2017ல் வெளியிட்ட இந்திய உணவுக் கூறு அட்டவணையில் 1.26 மில்லிகிராம்தான். பழைய எண்ணை வைத்துச் 'சாமை ரத்தசோகையைப் போக்கும்' என்று முன்மொழிவைக் கட்டினால், விஷயம் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தாலே போதும், முடிந்தது கதை. கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம், அதில் தைரியமாக நிற்கலாம். காட்டுக் கீரை, கிழங்கு பலவற்றுக்கு அட்டவணையில் எண்ணே கிடையாது, அதுவே உங்களுக்கு ஒரு வேலை. ஒரே கீரைக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருக்கும் என்பதால் செடியைப் பூவோடு உலர்த்தி வைத்து, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தில் அடையாளம் காண்பதாகத் திட்டத்தில் சேருங்கள்.

மனிதர்களிடம் ஆய்வு செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று கல்லூரியில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். ஒப்புதல் படிவம் பேசுகிற தமிழில் இருக்கட்டும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி முன்னால் படித்துக் காட்டிக் கைரேகை வாங்க வேண்டும். எந்தச் செடி எந்த இடத்தில் முளைக்கிறது என்பதை ஊரார் சம்மதம் இல்லாமல் அச்சில் போட மாட்டேன் என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

பணம்: நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் (ஜேஆர்எஃப்) தகுதியோடு தேறியவர்களுக்கு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. வேறொருவரின் ஆய்வுத் திட்டத்தில் பணி என்றால் அறிவிப்பில் உள்ள தொகையைப் பாருங்கள். நீங்களே பழங்குடி மாணவர் என்றால் மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் வருடத்துக்கு 750 பேருக்குத் தரும் உதவித்தொகைக்கும் சேர்த்துப் போடுங்கள்.

செலவுப் பட்டியலில் மலையில் உள்ளடங்கிய ஊர்களுக்கு ஜீப் வாடகையைக் கட்டாயம் போடுங்கள், கடைசி பஸ்ஸை விட்டால் நடைதான். வீடு வீடாகக் கூட்டிப்போகிற அக்காவுக்கு எஸ்டேட் கூலிக்குக் குறையாமல் நாள் சம்பளம் எழுதுங்கள், உங்களுக்காக அவர் அன்றைய வேலையை விட்டுவிட்டு வருகிறார்.