அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பும் முன்

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட போட்டோக்கொப்பி கடை வைத்திருக்கிறேன். வயதைக் காட்டச் சொல்லி ஏதோ ஓர் ஆப் கேட்கிறது என்று அட்டையை நீட்டுகிறவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணைக் கவனியுங்கள். நமது இலங்கைத் தேசிய அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2004532 என்று தொடங்கினால், 2004 பெப்ரவரி 1இல் பிறந்த பெண். ஆகவே திகதியை மறைத்து எண்ணை விட்டுவைப்பது வீண் வேலை. நானும் ஒரு காலம் அப்படித்தான் செய்தேன்.

அட்டை இல்லாமல் வேறு வழி இருக்கிறதா என்று தேடுங்கள். அவுஸ்திரேலியாவில், மெல்பேர்னில் அக்காவின் மகன் இருக்கிறான். அங்கே 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கிடையாது. அந்தச் சட்டத்திலேயே, அரசு அட்டையை மட்டும் கேட்கக்கூடாது, மாற்று வழியும் தர வேண்டும் என்று இருக்கிறது.

வேறு வழியில்லையா? சரி. படமும் பிறந்த திகதியும் தெரிய, எண்ணையும் முகவரியையும் மறையுங்கள். போனில் ஹைலைட்டரால் தீட்டாதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரியும். கறுப்புப் பெட்டி போடுங்கள். அல்லது கொப்பியில் பேனையால் அடித்து, குறுக்கே 'வயது காட்ட மட்டும்' என்றும் திகதியும் எழுதிவிட்டுப் படமெடுங்கள்.

அப்புறம், கடைக் கணினியில் வாட்ஸ்அப் திறந்தால் லொக்அவுட் செய்துவிட்டுப் போங்கள். என் கடையிலும்தான்.