டயரை அகலமாக்கி, காரைத் தாழ்த்திய பிறகு ஸ்டீயரிங்கைச் சரிசெய்வது எப்படி?

டொயோட்டா விட்ஸ் காருக்கு 15 அங்குல ரிம்மையும் தாழ்வான ஸ்பிரிங்கையும் ஒரே நாளில் போட்டால், பிறகு ஸ்டீயரிங் கோணலாக நடந்துகொள்ளும்போது காரணம் எது என்று பிடிக்க முடியாது. இரண்டின் கோளாறும் கைக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால் முதலில் டயரை மாற்றி ஒரு கிழமை ஓடுங்கள். ஸ்பிரிங் அதற்குப் பிறகு. ஜக் போடுவது, ஸ்டாண்ட் வைப்பது, ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றுவது எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் அந்தப் பகுதியைக் கராஜில் கொடுங்கள்.

1. டயரும் ரிம்மும்

165/70 ஆர்14 (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.இல், கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில்) இருந்த இடத்தில் பலர் 195/50 ஆர்15 போடுகிறார்கள். என் தெரிவு 185/55 ஆர்15. பழைய டயரின் விட்டம் 587 மி.மீ., இது 585. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது.

அகலத்தைவிட ஒஃப்செட்தான் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரம்) முக்கியம். ரிம்மின் பின்புறத்தில் அந்த எண் வார்த்திருக்கும். 45 இருந்த இடத்தில் 35 போட்டால் சில்லின் நடுக்கோடு 10 மி.மீ. வெளியே போகும். டயர் தரையைத் தொடும் இடம், சில்லு திரும்பும் அச்சிலிருந்து அந்த அளவுக்கு விலகும். இங்கே திருகோணமலையில், நிலாவெளி வீதியில் இடப்பக்கச் சில்லு மணலில் ஏறியிருக்கும்போது பிரேக் பிடித்தால், தாரைப் பிடித்திருக்கும் வலப்பக்கம் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று இழுப்பது இதனால்தான். பழைய ஒஃப்செட்டிலிருந்து 5 மி.மீ.க்கு மேல் விலகாதீர்கள்.

ரிம்மின் நடுத்துளை பெரிதாக இருந்தால் 54.1 மி.மீ. உள்விட்டமுள்ள வளையம் போடுங்கள். இல்லாவிட்டால் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கக்கூடும். எத்தனை தடவை பலன்ஸ் செய்தாலும் அது போகாது.

காற்றழுத்தம் மாறாவிட்டால் டயர் தரையைத் தொடும் பரப்பு அதிகம் மாறாது. அதன் வடிவம்தான் மாறுகிறது: அகலம் கூடி, நீளம் குறைகிறது. நிறுத்தும் இடத்தில் ஸ்டீயரிங் கனப்பதும், மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் போகும் லொறிகளின் தடம் விழுந்த தாரில் கார் அந்தத் தடத்தோடு ஓடுவதும் இதனால்தான். இதை அலைன்மென்ட் (சில்லுக் கோணங்களைச் சரிசெய்வது) தீர்க்காது, பழகத்தான் வேண்டும். மாரி மழையில் அகல டயர் தண்ணீரில் முன்கூட்டியே மிதக்கும், வேகத்தைக் குறையுங்கள்.

2. ஸ்பிரிங்

25 முதல் 30 மி.மீ. தாழ்த்தினால் போதும். அதற்கு மேல் போனால் லோவர் ஆர்மும் (சில்லைக் கீழே தாங்கும் கை) டை ரொட்டும் (ஸ்டீயரிங்கிலிருந்து சில்லைத் திருப்பும் கம்பி) வெவ்வேறு வளைவில் ஏறி இறங்கும். பள்ளத்தில் விழும்போது நீங்கள் திருப்பாமலே சில்லு திரும்பும். ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்துவது வேண்டவே வேண்டாம். சில்லு தொங்கும்போது அறுத்த ஸ்பிரிங் தான் அமரும் தட்டை விட்டுக் கழன்றுவிடக்கூடும்.

3. புஷ் போல்ட்

பலர் தவறவிடும் இடம் இது. லோவர் ஆர்மின் உட்புற புஷ் (ஆர்மைக் காரோடு இணைக்கும் மூட்டு) வெறும் ரப்பர். போல்ட்டை இறுக்கும்போது ஆர்ம் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதுதான் ரப்பரின் ஓய்வு நிலை. ஸ்பிரிங் மாற்றும்போது அந்தப் போல்ட்டைத் தொடவே வேண்டியதில்லை என்பதால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கார் தாழ்ந்துவிடும், ரப்பர் மட்டும் பழைய உயரத்துக்கே முறுக்கிக்கொண்டு நிற்கும். ஸ்டீயரிங் நடுவுக்கு மந்தமாகத் திரும்பும், கார் முழுதாக இறங்காது, சில மாதத்தில் ரப்பரில் வெடிப்பு விழும். காரைத் தூக்கி வைத்து இறுக்கினாலும் இதே கதிதான்.

செய்ய வேண்டியது: புதிய ஸ்பிரிங்கோடு கார் தரையில் நிற்கும்போது சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். போல்ட்டைத் தளர்த்துங்கள். பொடியை (காரின் உடலை) ஸ்டாண்டில் வைத்து, ஆர்மை போல் ஜொயின்ட் (சில்லுப் பக்கப் பந்து மூட்டு) பக்கமாக ஜக்கால் அதே அளவு வரும்வரை உயர்த்தி இறுக்குங்கள். பொடி ஸ்டாண்டை விட்டுக் கிளம்பப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். குழி உள்ள கராஜ் கிடைத்தால் சில்லில் நிற்கவைத்தே இறுக்கலாம், அதுதான் சிறந்தது. பின் அச்சின் புஷ்ஷுக்கும் இதே முறை.

4. டோ

தாழ்த்தினால் டோ (மேலிருந்து பார்க்கும்போது சில்லுகளின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறியே தீரும். கணினி அலைன்மென்ட்டுக்கு முன் வீட்டிலேயே கிட்டத்தட்டச் சரிசெய்யலாம். கட்டுமானக் கயிறு வேண்டாம், அது தொய்யும். கடைத்தெருவில் வாங்கும் தங்கூசியே (நைலோன் தூண்டில் நூல்) நல்லது.

சில்லுகளின் நடு உயரத்தில் இரு பக்கமும் தங்கூசியை இழுத்துக் கட்டுங்கள். முன் சில்லு நடுவிலிருந்து நூலுக்குள்ள தூரம் இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டும். பின் சில்லுகளுக்கும் அப்படியே. ஜக்கிலிருந்து இறக்கியதும் அளக்காதீர்கள். டயர் தரையில் முறுகி நிற்கும். காரை முன்னே சில மீற்றர் உருட்டிவிட்டு, ஸ்டீயரிங்கை நேரே வைத்து, ரிம்மின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் ஸ்டீல் அடிமட்டத்தால் நூல் வரை அளந்து பாருங்கள். முன் விளிம்பு நூலிலிருந்து அதிகம் விலகியிருந்தால் டோ-இன். இரு சில்லும் சேர்ந்து 0 முதல் 1 மி.மீ. டோ-இன் எனக்குப் பிடித்த அளவு. டோ-அவுட் இருந்தால் நேர்வீதியிலும் கார் அலையும்.

டை ரொட்டைக் கால் சுற்று திருப்பினாலே ரிம் விளிம்பில் ஏறத்தாழ 1 மி.மீ. மாறும். இரு பக்கமும் சமமாகத் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் கோணி நிற்கும். கடற்காற்றில் டை ரொட்டைப் பூட்டும் லொக் நட் துருப்பிடித்து இறுகியிருக்கும். முதல்நாள் இரவே கம்பித் தூரிகையால் தேய்த்துத் துரு எண்ணெய் விட்டு வையுங்கள்.

பின்சேர்ப்பு: "எல்லாம் சரி, ஆனாலும் கார் இடப்பக்கம் போகிறது" என்று கேட்கிறார்கள். வீதி ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் இடப்பக்கம் இலேசாகப் போவது இயல்பு, அகல டயரில் அது அதிகமாகத் தெரியும். ஆளில்லாத இடத்தில் வீதியின் நடுமுகட்டில் ஓட்டிப் பாருங்கள். அங்கும் இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில், மாறாவிட்டால் காம்பரில் (சில்லின் மேல்பக்கம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருப்பது).

சுமார் 500 கி.மீ. ஓடிய பிறகு ஸ்பிரிங் படிந்திருக்கும். அப்போது மீண்டும் அளந்து, முன் டயரின் உள்விளிம்பை உள்ளங்கையால் இரு திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் வாள்பல் போலவும் தட்டுப்பட்டால் டோ இன்னும் சரியில்லை.