சமூகப் புத்தாக்கத்தில் ஆய்வு தொடங்குகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

முனைவர் பட்டத்துக்குச் சமூகப் புத்தாக்கத்தை, அதாவது சமூகப் பிரச்சினைகளுக்குப் புது வழி காணும் முயற்சிகளை (social innovation), எடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "மேடம், இதுக்குச் சரியான டெஃபனிஷன் எது?" என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இருபதுக்கும் மேல் வரையறைகளைத் திரட்டி டாக்டரல் கமிட்டி முன்னால் வைத்தேன். "இதையெல்லாம் யாரு, எந்த ஊர்ல, எதுக்காகச் சொன்னாங்க?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆறு மாத வேலையை மறுபடி முதலிலிருந்து செய்தேன். உங்களுக்கு அந்த ஆறு மாதம் வீணாகக் கூடாது.

ஒரு நோட்டில் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதலில் வரையறை, அடுத்து அது பிறந்த இடமும் ஆண்டும், கடைசியில் அதைச் சொன்னவர்கள் எந்தப் பிரச்சினையைக் கையில் வைத்திருந்தார்கள் என்பது. மூன்றாவதுதான் நேரம் எடுக்கும், அதை அவசரப்படுத்தாதீர்கள்.

கனடாவின் கியூபெக்கிலிருந்து தொடங்கலாம். பெனுவா லெவெக்கும் போல் பெலாஞ்சேவும் 1986-ல் அங்கே தொடங்கிய கிரிசெஸ் ஆய்வு மையம் வேலை, கூட்டுறவு, உள்ளூர் வளர்ச்சி என்று ஆராய்ந்தது. அடுத்து பெல்ஜிய ஆய்வாளர் ஃபிராங்க் மூலார்ட். ஐரோப்பிய நகரங்களில் புறக்கணிக்கப்பட்ட குடியிருப்புகளைப் பார்த்தவர் அவர். அதனால் தேவை நிறைவேறினால் மட்டும் போதாது, மனிதர்களுக்கிடையே உள்ள உறவும் மாற வேண்டும், குரலற்றவர்களுக்கு அதிகாரம் வர வேண்டும் என்றார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. அது வணிகப் பள்ளிச் சூழல். 2008-ல் அங்கிருந்து வந்த வரையறை, இருக்கும் தீர்வுகளைவிடத் திறமையான, நிலைக்கக்கூடிய, நியாயமான புதுத் தீர்வு எது, அதன் பலன் தனியாருக்கா சமூகத்துக்கா என்று கேட்கிறது.

சொல்லின் வயதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1858-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லூகாஸ் சார்கன்ட் 'சமூகப் புத்தாக்கம் செய்பவர்கள்' (Social Innovators) என்று தன் நூலின் தலைப்பில் வைத்தார். பாராட்டாக அல்ல, சோஷலிசத் திட்டங்களைக் கண்டிப்பதற்காக!

சரி, நோட்டு நிறைந்ததும் ஒரே ஒரு நேர்வை, அதாவது ஒரு நிஜ உதாரணத்தை எடுத்து, எல்லா வரையறைகளையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். நான் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொண்டேன். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கைகளோடு தொடங்கியது. 1993-ல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி அதைப் பாடமாகவே எழுதிவிட்டது. அறுவை அரங்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒருவருக்குக் கண்புரை அறுவை நடக்கும்போதே அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். முடித்ததும் டாக்டர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் இலவச சிகிச்சையும் நடக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு வரையறையோடு பார்த்தால் இந்த இரட்டை மேசைதான் கண்ணில் படும். மூலார்டோடு பார்த்தால் அந்த மேசைக்குப் பக்கத்தில் கருவியோடு நிற்கும் பெண்ணைக் கவனிப்பீர்கள். பள்ளிப்படிப்பு முடித்து, கிராமத்திலிருந்து வந்து, இரண்டு வருடம் பயிற்சி பெற்றவர். இந்த வேலை அவர் வீட்டில் அவருடைய சொல்லுக்கு மதிப்பைக் கூட்டியதா? எனக்குப் பிடித்த ஆய்வுக் கேள்வி இதுதான். வரையறையை மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தால் இது எனக்கு வந்திருக்காது.

அப்புறம், நூலகத் தேடலில் 'சமூகப் புத்தாக்கம்' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடாதீர்கள். கூட்டுறவு, சுயஉதவிக் குழு, ஊரக வளர்ச்சி, பொதுச் சுகாதாரம் என்ற பெயர்களிலும் தேடுங்கள். இந்தத் துறைக்குப் பெயர் நிலைப்பதற்கு முன்பே அதன் வேலையைச் செய்த ஆய்வுகள் அந்த அலமாரிகளில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால், அந்தக் கட்டுரையை இன்னொரு தடவை படியுங்கள்.