ஹோட்டல் ஜி.எம். கல்லூரிக்கு வந்தால் எதைக் கேட்பது?

பெங்களூரில் பிசினஸ் ஹோட்டல்களின் அறைகள் பெரும்பாலும் திங்கள் முதல் வியாழன் வரை நிறையும். ஆகவே ஹோட்டல் மேனேஜ்மென்ட் மாணவர்கள் ஜெனரல் மேனேஜரைக் கல்லூரிக்குப் பேச அழைக்க வெள்ளி மதியம் 2:30 தோது. செக்-அவுட் நெரிசலும் மதியச் சாப்பாடும் ஓய்ந்திருக்கும். 4 மணிக்குள் அனுப்பிவிடுங்கள். சில்க் போர்டு சந்திப்பு டிராஃபிக்கில் சிக்கினால் அடுத்த முறை வரமாட்டார்.

‘வெற்றியின் ரகசியம் என்ன சார்?’ என்றால் மேடைப் பேச்சுதான் கிடைக்கும். கணக்கோடு போங்கள். 100 அறையில் 70 அறை, சராசரி 6,000 ரூபாய்க்குப் போனால் ரெவ்பார், அதாவது மொத்த அறைகளுக்குச் சராசரி வருமானம், 4,200. வாடகையை 5,000 ஆக்கி 80 அறை விற்றால் 4,000தான். துப்புரவுக்கு 10 அறை கூடுதல் வேறு. ‘சனி, ஞாயிறு காலியாக இருக்கும்போது விலையைக் குறைப்பீர்களா? எதுவரை?’ என்று கேட்டுப் பாருங்கள், மனிதர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொள்வார்.

அவர் தமிழர் என்றாலும் அரங்கில் கேள்வி ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். பக்கத்தில் கன்னட, இந்தி மாணவர்கள் இருப்பார்கள். ‘ஊர்ல எங்க சார்?’ எல்லாம் டீ குடிக்கும்போது.

மறுநாளே அவர் ஹோட்டலில் டிரெயினிங் கேட்டு ஐந்து வரியில் மெயில் அனுப்புங்கள்: பெயர், ஆண்டு, அவர் சொன்னதில் ஒரு விஷயம், டிரெயினிங் தேதி, விரும்பும் துறை. எல்லோரும் ஃப்ரன்ட் ஆபீஸ்தான் கேட்பார்கள். ஹவுஸ்கீப்பிங் கேட்டால் இடம் கிடைப்பது சுலபம். ஒரு பக்க ரெஸ்யூமேவை உங்கள் பெயரிலேயே சேமியுங்கள். ‘ஃபைனல் 2’ என்ற ஃபைலை யார் தேடி எடுப்பார்கள்?