4625-ல விடாம ஒலிக்கிற ரஷ்ய பஸ்ஸரை ஃபோன்லயே கேக்கறது எப்படி

ஷார்ட்வேவ் ரேடியோல 4625 கிலோஹெர்ட்ஸ்ல நிமிஷத்துக்கு சுமார் 25 தடவை "ங்ர்ர்"னு ஒரு சத்தம் வரும். ராத்திரி பகல் பாக்காம வருஷக்கணக்கா ஒலிக்குது, ரஷ்ய ராணுவத்தோடது. யூவிபி-76ங்கறது யூஇசட்பி-76ங்கற பழைய கால்சைனை (ஸ்டேஷனோட அடையாளப் பேரு) தப்பாக் கேட்டு வந்தது, பஸ்ஸர்ங்கறது கேக்கறவங்க வச்ச பேரு.

முதல்ல ஒண்ணு, கம்ப்யூட்டர்ல சொருகற விலை கம்மியான ரேடியோ டாங்கிளை அவசரப்பட்டு வாங்காதீங்க. அதுல நிறைய மாடல் 24 மெகாஹெர்ட்ஸுக்கு மேலதான் நேரடியா எடுக்கும், நமக்கு வேண்டியது அதுக்குக் கீழ. நான் வாங்கி சும்மாதான் கிடக்கு.

நெதர்லாந்து ட்வென்ட்டே யுனிவர்சிட்டியோட வெப்எஸ்டிஆர் பக்கத்தைத் திறங்க, அங்க இருக்கற ரேடியோ ரிசீவரை ப்ரௌசர்லயே கேக்கலாம். இதே மாதிரி ஆன்லைன்ல கேக்கற கிவிஎஸ்டிஆரும் நல்லதுதான், ஆனா ஒவ்வொரு ரிசீவர்லயும் சில பேருக்குத்தான் இடம், அதனால என் ஓட்டு ட்வென்ட்டேக்குதான். அலைவரிசைப் பெட்டில 4625 அடிச்சு, மோடு யூஎஸ்பி வைங்க (பென்டிரைவ் இல்ல, அப்பர் சைட்பேண்ட்). அவ்ளோதான் செட்டிங்.

இப்ப நான் ஒரு வாரம் முட்டிக்கிட்ட இடம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு உக்காந்து கேட்டேன், வெறும் இரைச்சல். நமக்கு ஆறுன்னா யூடிசில (உலகப் பொது நேரம்) 12:30, ரஷ்யாலயும் நெதர்லாந்துலயும் நல்ல பகல். பகல்ல வெயில் பட்டு வானத்துல டி லேயர்னு ஒண்ணு உருவாகி இந்த மாதிரி குறைஞ்ச அலைவரிசையை எல்லாம் உறிஞ்சிடும், பொழுது சாஞ்சா அது கலைஞ்சு சிக்னல் ரொம்ப தூரம் போகும், அதனால நம்ம கடிகாரத்தைப் பாக்காதீங்க, ரஷ்யாலயும் நெதர்லாந்துலயும் இருட்டாயிடுச்சான்னு பாருங்க. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து கேட்டேன், டக்குனு வந்துடுச்சு! குளிர்காலத்துல ராத்திரி பதினொண்ணுக்கே கிடைக்கும்.

எப்பவாச்சும் பஸ்ஸர் நின்னு ஆள் குரல் வரும், அதுக்குத்தான் இவ்ளோ காத்திருப்பும். 1997 டிசம்பர் 24 அன்னிக்கு வந்த மெசேஜ்ல கால்சைன், கொஞ்சம் எண்கள், "ப்ரோமல்"னு ஒரு வார்த்தை, திரும்ப எண்கள். வார்த்தையை எழுத்துக்கு ஒரு ஆள் பேரா, பரீஸ், ரமான், ஓல்கான்னு எழுத்துக்கூட்டுவாங்க. அதனால ரஷ்யன்ல பூஜ்யத்துலருந்து ஒன்பது வரை மட்டும் கத்துக்கிட்டா கூடவே எழுதிக்கலாம். அர்த்தம் தேடாதீங்க, அது சங்கேதம். அணு ஆயுதத்தோட கோத்து சொல்ற கதைக்கெல்லாம் ஆதாரமே இல்ல, சேனலைப் பிடிச்சு வைக்கத்தான் அந்த சத்தம்ங்கறதுதான் எனக்கு நம்பற மாதிரி இருக்கு.

அப்டேட்: சத்தமே வரலன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வெப்எஸ்டிஆர் பக்கத்துல ஆடியோ ஸ்டார்ட்னு பட்டன் இருந்தா அதைத் தட்டுங்க, ப்ரௌசர் தானா ஒலியை விடாது.

இன்னொரு அப்டேட்: ரஷ்யன் கஷ்டம்னா அமெரிக்க விமானப்படையோட 8992, 11175 ரெண்டையும் இதே யூஎஸ்பில வைங்க. ஆல்ஃபா, ப்ராவோன்னு இங்கிலீஷ்லயே எழுத்து எழுத்தா வாசிப்பாங்க. 11175 பகல்லயும் வரும், நாலு மணிக்கு எழுந்திரிக்க வேண்டியதில்ல.